குவார்ட்டர்ஸ் முகவரியில் ஒரு தொழில்

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் டவுன்ஷிப்பில், எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில் என் மகள் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிகளுக்கு விளம்பரம் வடிவமைத்துக்கொண்டிருந்தாள். அதற்கான சாஃப்ட்வேருக்கு வருடச் சந்தா உண்டு. வருமானத்தில் பெரும்பங்கு அதற்கே போனது.

அவளது வரிக் கணக்கை நான்தான் போட்டேன். என் செக்‌ஷனில் பாதிப் பேர் சம்பள வரிச் சான்றான ஃபார்ம் பதினாறைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். மகளுடைய வருமானத்தையும் சம்பளம் என்றே காட்டினேன். தெரியாமல் செய்ததல்ல. தொழில் என்று காட்டினால் அது நடக்கும் இடமாக எங்கள் வீட்டு முகவரியைத் தர வேண்டும். குவார்ட்டர்ஸில் தொழில் நடத்தக் கூடாதென்று ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கிறது. வீட்டில் மாவு அரைத்து விற்ற ஒருவருக்கான மெமோவை நானே டைப் செய்திருக்கிறேன். ஓய்வுபெற எனக்கு நான்கு வருடம் இருந்தது.

சில மாதங்களில் வரித்துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கம்பெனிகள் தொழில் கட்டணம் என்று வரி பிடித்திருக்க, கணக்கில் சம்பளம் என்றிருப்பது ஏன்?

“சாஃப்ட்வேர் செலவை எங்கம்மா கழிச்சிருக்க?” என்றாள் மகள்.

“சம்பளத்துல அதெல்லாம் கழிக்க முடியாதுடி.”

“எனக்கு யாரும்மா சம்பளம் தர்றாங்க?”

பிடித்த வரி திரும்பி வந்தால்தான் அடுத்த சந்தா கட்ட முடியும். சந்தா நின்றால் வேலையும் நிற்கும். அதையும் அவள் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

பண்ருட்டியில் ஒரு ஆடிட்டரிடம் போனோம். பில்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

“தொழில்னு போட்டு இதைக் கழிச்சிருந்தா வரியே வராதுங்களே. எதுக்குப் பயந்துகினு சம்பளம்னு எழுதினீங்க? வரி ஆபீசுக்காரங்க ஒங்க வூட்டு அடுப்பங்கரைய எட்டிப் பாக்கவா வரப் போறாங்க?”

திருத்திய கணக்கில் தொழில் நடக்கும் இடத்தைக் கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பிளாக் எண்ணையும் தெருவையும் வீட்டு எண்ணையும் நானே சொன்னேன்.

பணம் திரும்பி வந்தது, சந்தாவும் கட்டினாள். மெமோ எதுவும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு அறை பிடித்து, கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றினாள்.

“ஏன்டி, இங்க என்ன குறைச்சல்?”

“பெல் அடிக்கிறப்பல்லாம் நீ ஓடி வந்து என் ரூம் கதவைச் சாத்தறம்மா.” ஆட்டோவில் ஏறிக்கொண்டே, “வாடகையையும் செலவுல கழிச்சுக்கலாமாம்” என்றாள்.

பின்னறை இப்போது காலிதான். பெல் அடித்தால் இன்னமும் முதலில் அந்தக் கதவிடம்தான் போகிறேன்.