மல்லாட்டைத் தோல்

சித்தப்பா உட்கார்ந்து எழுந்த இடத்தில் மல்லாட்டைத் தோல் கிடக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கொஞ்சமாகக் கிடந்தால் அன்றைக்கு அவர் மனசு நன்றாக இருந்தது என்று பொருள். குவியலாகக் கிடந்தால் சித்தியின் முகம் வாடிவிடும். எதற்கு இத்தனை என்று கேட்கமாட்டாள். முறத்தை எடுத்து வந்து வாரிக்கொண்டு போவாள். குடிக்கவேண்டும் என்று கை பரபரக்கிறபோது அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுக்க அவர் கண்டுபிடித்த வழி மல்லாட்டை உரிப்பது. சட்டைப்பை எப்போதும் உப்பிக்கொண்டிருக்கும். நான் அவரையே சுற்றி வந்ததற்குப் பாசம் மட்டும்தான் காரணம் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் என் வீட்டில் யார் மல்லாட்டை உரித்தாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கிறது.

என் அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். விழுப்புரத்தில் ரயில் இஞ்சினுக்குக் கரி வாரிப் போடுகிற வேலை. நெருப்பில் வெந்து வந்த உடம்புக்குக் கள் குளிர்ச்சி என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்து வைத்தான். கள் சாராயமானது, சாராயத்தால் வேலை போனது. சித்தி சண்டை போடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அழைக்கப் போனவரைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போய், வக்கிரகாளியம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்த பிறகுதான் சேர்ந்து வாழ ஒப்புக்கொண்டாள். திண்டிவனத்திலேயே ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. சத்தியம் செய்வது ஒரு நிமிஷக் காரியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமாகத் தள்ளவேண்டும், அதுதான் பேஜாரு. மண்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் கள்ளுக்கடை இருந்ததால் சித்தப்பா ஊரையே சுற்றிக்கொண்டு வருவார். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் படித்தேன். அதனால் இதெல்லாம் கண்ணால் பார்த்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊரில் தாத்தா இறந்துபோனார். காரியம் முடிவதற்குள் நிலத்தைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. குடிகாரன் கையில் கொல்லையைக் கொடுத்தால் கள்ளுக்கடைக்காரன்தான் அறுவடை செய்வான் என்றார் அப்பா. பெற்ற பெண் என்னை அந்தத் தம்பி வீட்டில் நம்பி விட்டவர், நிலத்தை நம்பி விடமாட்டேன் என்றார். குடியை விட்டுவிட்டேன் என்று சித்தப்பா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எங்கள் சனத்தில் கருமாதிப் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பார்கள். தாத்தாவுக்குக் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, ஒரு கலயம் கள். படைத்து முடிந்ததும் பிள்ளைகள் அந்தக் கலயத்திலிருந்து ஆளுக்கு ஒரு வாய் குடிக்கவேண்டும். அப்போதுதான் போனவர் மனம் குளிரும். அப்பா குடித்துவிட்டுக் கலயத்தை நீட்டினார். சித்தப்பா அதை வாங்கினார். கலயம் முகத்தருகே போயிற்று. அவர் மூக்கு விடைத்தது, நுரை விரலில் வழிந்தது. பங்காளிகள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு விரலை நனைத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, கலயத்தைப் படையலிலேயே வைத்துவிட்டார்.

“பெத்த அப்பனுக்கு ஒரு வாய் குடிக்க மாட்டேன்றவன் என்னாடா புள்ளை?” என்றார் அப்பா.

“ஒரு வாயோட எனக்கு நிக்காதுண்ணே. அது அப்பாவுக்கும் தெரியும்.”

நேற்றுவரை குடிகாரனுக்குப் பங்கு கிடையாது என்றவர், இன்றைக்குக் குடிக்காதவனுக்குப் பங்கு கிடையாது என்றார். என்ன நியாயமோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நேராகக் கடைக்குத்தான் போவான் என்று ஒரு பங்காளி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முதலில் கள்ளுக்கடைக்குத்தான் போனோம். குடும்பப் பெண்கள் கிட்டே போகாத இடம். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அங்கே அவர் இல்லை. எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். பச்சைச் செடிகளைப் பிடுங்கி, மண்ணைக்கூட உதறாமல் காயை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உதடெல்லாம் செம்மண்.

“பையில இருந்ததெல்லாம் தீந்துபோச்சு,” என்றார் சித்தியிடம், மன்னிப்புக் கேட்பதுபோல.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டேதான் உரித்தாள். தேடிக்கொண்டு வந்த அப்பாவின் கண்ணில் பட்டது பிடுங்கிப் போட்ட செடிகள் மட்டும்தான். பங்கு பிரிப்பதற்கு முன்பே பயிரை அழிக்கிறான் என்று கத்தினார். “நீயே வெச்சுக்கோண்ணே” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் சித்தப்பா சித்தியோடு திண்டிவனம் பாதையில் நடந்தார். என்னை அப்பா அங்கே திரும்ப அனுப்பவில்லை, படிப்பு அதோடு நின்றது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசவில்லை.

சில வருஷங்களில் சித்தப்பா போய்விட்டார். கரிப்புகை தின்ற நெஞ்சு. கடைசிவரை அவர் குடிக்கவில்லை. கருமாதிக்கு அப்பா வருவாரா என்பதே சந்தேகமாக இருந்தது, வந்தார். அப்போது மதுவிலக்கு வந்துவிட்டது. எப்படியோ புதுச்சேரிப் பக்கமிருந்து வாங்கி வந்த ஒரு சீசாவைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்தார். “தம்பிக்குப் பிடிச்சது,” என்று சொல்லும்போதே குரல் உடைந்துபோயிற்று. எனக்குக் கோபம் பொங்கியது; அதே சமயம் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

சித்தி படையலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பிடிச்சதுதான் மாமா. எல்லாத்தையும்விட அதுதான் பிடிக்கும். அதைத்தான் தொடாம இருந்தாரு.”

அப்பா சீசாவைத் திரும்பத் துண்டில் சுற்றிக்கொண்டார். சித்தி இலையில் மல்லாட்டையைக் குவித்தாள். படைத்து முடிந்ததும் வழக்கப்படி அதை எல்லோருக்கும் கொடுத்தாள். அப்பாவுக்கு இரண்டு கையும் நிறைய. அவர் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். அவர் எழுந்து போன பிறகு நான்தான் முறத்தை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். தோல் குவியலாகக் கிடந்தது.