மணியண்ணனுக்குப் பக்கத்து இருக்கை

சீனப் பெருநாளுக்கு மேல்மாடி ஆன்ட்டி கொடுத்த ஆரஞ்சை நேற்று உரித்தேன். தோலின் சாறு மூக்கில் தெறித்தது. பினாங்கு ஆயர் ஈத்தாம் பிளாட்டில் உட்கார்ந்திருந்தவன் நேராக ஜப்பான் பஸ் ஒன்றுக்குள் போய் விழுந்தேன். மனசுக்குப் பாஸ்போர்ட் கிடையாது பாருங்கள்.

எண்பதுகளில் புக்கிட் தெங்காவில், ஜப்பான்காரர் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பயிற்சிக்காக என்னையும் என்னைவிட மூத்த மணியண்ணனையும் ஜப்பானில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். கேண்டீனில் நாங்கள் குச்சியால் சாப்பிட்டால் சுற்றியிருப்பவர்கள் கைதட்டாத குறை. சீனர் கடையில் சாப்பிட்டு வளர்ந்த பினாங்குக்காரனுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாதா! ஆனாலும் புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? வயிறு நிறைந்த பிறகும் இரண்டு வாய் எடுத்துக் காட்டினேன்.

பஸ்ஸில்தான் சங்கடம். ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்காருவோம். கூட்டம் நெரியும்; எங்கள் பக்கத்து இடங்கள் மட்டும் காலியாகவே இருக்கும்.

“நாம நாறுறோமா தம்பி?” என்றார் அண்ணன். மறுநாள் பவுடரைக் கொட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் இன்னும் தள்ளி நின்றது. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் எங்கள் மேற்பார்வையாளரிடமே கேட்டுவிட்டோம். அரைகுறை ஆங்கிலத்தில், காது சிவக்கச் சொன்னார்: வெறுப்பெல்லாம் இல்லை, பயம்தான். நாங்கள் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டு, அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போய்விட்டால்?

“அட, எனக்கே இங்கிலீஸ்னா பயம்லா!” என்றார் மணியண்ணன்.

‘எனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்பதை ஜப்பானிய மொழியில் மனப்பாடம் செய்தார். மறுநாள் பஸ்ஸில் எழுந்து நின்று, தேவாரம் பாடுகிற குரலில் அறிவித்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பிறகு ஒரு வயதான அம்மாள் வெடித்துச் சிரித்து, அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளையை நீட்டினார். அந்த அம்மாள் தன் முழங்காலைத் தட்டித் தட்டி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, அண்ணன் தமிழில் நல்லெண்ணெய் தடவச் சொல்ல, இறங்கும்வரை பேச்சு ஓயவில்லை.

அந்தத் தொழிற்சாலையை மூடி வெகுகாலமாகிறது. போன வருடம் மனைவியோடு ஜப்பானுக்குச் சுற்றுலா போனேன். ரயிலில் ஒரு இளைஞன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கைப்பேசியில் ஜப்பானிய மொழியில் ஏதோ பேசி நீட்டினான், எந்த ஊர் என்று அது சுத்தமான ஆங்கிலத்தில் கேட்டது. சொன்னேன். தலையாட்டிவிட்டு அதிலேயே விளையாடப் போய்விட்டான்.

நிபோங் திபாலில் இருக்கும் மணியண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“பயப்படவே இல்லையா?”

“இல்லண்ணே.”

“அப்ப சிரிக்கவும் மாட்டாங்களே தம்பி,” என்றார்.