இரட்டை ஓம்

என் வேகக்காருக்கு, உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே மாற்றக்கூடிய கொயிலோவர் சஸ்பென்ஷன் வாங்கப் போனேன். "ரோட்டுக்கோ, ரேசுக்கோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார். ரோட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, ரேசுக்கானதைக் கைகாட்டினேன். ஐம்பது வயதிலும் அடங்காத மனசு, நிலத்தை உரசிக்கொண்டு பறக்க ஆசைப்பட்டது.

அதை மாட்டிய கையோடு, முதுகில் சத்திரசிகிச்சை செய்திருந்த மனைவியோடு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் புறப்பட்டேன்.

"எப்பிடியப்பா ஓடுது?" என்று அவளைக் கேட்டேன்.

"ஓம் ஓம், நல்லா ஓடுது."

எங்கள் பேச்சில் ஒற்றை ஓம் சம்மதம், இரட்டை ஓம் எரிச்சல். அது தெரிந்தும் அவள் சொன்னதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினேன்.

மழையில் நனைந்த வளைவொன்றில் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. விறைத்த ஸ்பிரிங் குழியைத் தாங்காமல் காரைத் தூக்கி எறிந்தது. டயர் பிடி விட்டு எதிர்ப்பக்கம் வழுக்கினோம். எதிரே வந்த லொறி ஒதுங்கியதால் உயிர் தப்பினோம். மனைவி முதுகைப் பிடித்தபடி, "என்னை இறக்கிவிடுங்கோ. உங்கட காருக்கு நான் பாரம்" என்றாள்.

அடுத்த வாரமே ரோட்டுக்கான மென்மையான செட்டை மாட்டி, காரை உயர்த்தினேன். இப்போது எதை வாங்கினாலும் முதலில் அவளைக் கேட்கிறேன். அவளோ பக்கத்துவீட்டு அன்ரியின் பழைய காரில் கோயிலுக்குப் போகிறாள். நான் பின்னால், மெதுவாக, தனியே ஓட்டிப் போகிறேன்.