சாயத்தண்ணி சிந்தாத ஏற்றம்

வண்டியின் பட்டனை அமுக்கி விழிக்க வைத்த கையோடு கார்களின் கணினியைத் திருத்தும் கலாராணி சாவிகளைப் பறிமுதல் செய்கிறாள். கைச்சாவி, மாற்றுச்சாவி, ஆளின் முகம் பிடிக்காவிட்டால் வீட்டுச்சாவியும். எல்லாம் ஒரு டின்னுக்குள், அவள் தின்னும் மாரி பிஸ்கட்டுகளுக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். மூடிக்கு மேல் சோற்றுப் பெட்டியைத் தூக்கி வைத்த பிறகுதான் மடிக்கணினி திறக்கும்.

"கோவிச்சுக்காதீங்க. வேலை நடக்கிறப்ப யாராச்சும் பழக்கதோசத்துல ரிமோட்டை அமுக்கினா, வண்டி பாதிப் படிப்புல நின்னுரும்."

அப்படி நின்ற வண்டி ஒன்று ஹாலிஎலயில் உண்டாம். ஹோர்ன் அடித்தால் வைப்பரை ஆட்டுமாம். வைப்பரைப் போட்டால் அழுமாம். பதுளை பஸாரில் இதைச் சத்தியம் செய்து சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

ஹாலிஎல வீதியில் இருக்கும் அவள் கடைக்குள் ஒரு கார்தான் நிற்கும். அடுத்த கார் மழையில் நனையவேண்டும். பெயர்ப்பலகையோ கடையைவிட அகலம். அதன் ஒரு முனை பக்கத்துச் சலூனின் வாசலுக்கு மேலே நீண்டுகொண்டிருக்கிறது. சலூன்காரர் நியாயம் கேட்க வந்தபோது, நிழலுக்குக் காசு வேண்டாம் அண்ணே என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். பலகையின் அடியில் சிவப்பு எழுத்தில், 'இங்கே எண்ணெய் மாற்றப்படமாட்டாது.' அவள் கிரீஸைத் தொடுவதில்லை. கராஜுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து, அதே வெள்ளையோடு வீடு திரும்புவது அவளுக்கு ஒரு வீராப்பு. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா, லயத்து வரிசை வீடுகளில் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்: "எம்மவ காருக்குப் புத்தி சொல்றா." கலாராணி அதைத் திருத்தியதில்லை. திருத்த அதில் என்ன இருக்கிறது?

வண்டிக்காரர் சொல்லும் நோயை அவள் நம்பமாட்டாள். கண்ணாடிக் கிளாஸ் விளிம்புவரை பால் சேராத தேநீரை, சாயத்தண்ணியை, ஊற்றி, அவர் கையில் கொடுத்து, முன்சீட்டில் ஏற்றிவிடுவாள். அம்மாவின் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், வளைவுகளைத் தாண்டி, கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை ஓட்டம். கியர் மாறும்போது வண்டி உதறினால் சாயம் மடியில்.

சென்ற வாரம் அந்தச் சாயம் பஸீல் நானா இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் விழுந்தது. பதுளையில் இரும்புக் கடை வைத்திருக்கும் மனிதர், இளமையில் லொறி ஓட்டியவர். வண்டியோ அவர் மனைவி றமீலா டீச்சருடையது. டீச்சர் ஐம்பது வயதில் லைசன்ஸ் எடுத்து, தெமோதரைக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலைக்கு அந்தச் சின்ன ஓட்டோ கியர் காரில்தான் போய்வருகிறார். ஏற்றம் வந்தால் போதும், மூன்றுக்குப் போவதா இரண்டிலேயே இருப்பதா என்று வண்டி, சம்பந்தம் பேச வந்தவர்களைப்போல இழுத்தடிக்கும். இரண்டு கராஜ்களில் கியர் எண்ணெய் மாற்றியாயிற்று. கியர்பெட்டி போய்விட்டது, விற்றுவிடலாம் என்பது நானாவின் முடிவு. டீச்சருக்கு ஓட்ட வராது என்பது அவர் கடையில் மட்டும் சொல்லும் முடிவு. டீச்சருக்கு இரண்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளையிலிருந்து வாங்க ஆள் வருகிறது. அவர் வந்து போனால் டீச்சர் மறுபடி பஸ்ஸுக்கு நிற்கவேண்டும்.

கடைக்குத் திரும்பியதும் கலாராணி நானாவுக்கும் டீச்சருக்கும் திரையைத் திருப்பிக் காட்டினாள். வண்டியின் கணினியில் இருந்தது முதன்முதல் போட்ட மென்பொருள். செய்தவர்களே பிழை கண்டு, திருத்திய ஒன்றைப் பிறகு வெளியிட்டிருந்தார்கள்.

"பொட்டிக்கு ஒண்ணும் ஆகலை நானா. எப்ப கியர் மாத்தணும்னு உத்தரவு போடுற ஆளுக்குத்தான் நம்ம ஊர் ஏத்தம் வெளங்கல."

கரண்ட் போனாலும் வேலை நிற்காதபடி ஒரு லொறி பெட்டரியைக் காரோடு இணைத்தாள். திரையில் பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் கடையில் இருமல்கூடத் தடை. சலூனில் கத்தரிக்கோலும் நின்றுவிடும் என்பார்கள். அந்த நேரம் பாங்கு கேட்டது. தொழுகைக்குப் புறப்பட்ட நானா, பத்தடி போனதும் பழக்கத்தில் காரைப் பூட்டச் சாரத்து மடிப்பைத் தடவினார். வெறும் மடிப்பு. திரும்பி டின்னைப் பார்த்தார். கலாராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

அவர் தொழுதுவிட்டு வந்தபோது வேலை முடிந்திருந்தது. நேரே ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"எறங்குங்க நானா. பழைய பழக்கமெல்லாம் அழிச்சாச்சு. இனி முதல்ல ஓட்டுறவங்க காலைத்தான் இது படிக்கும். விடியக்காலையில இதை யாரு எடுக்கிறது?"

"இவர்தான் ஒரு சுத்து ஓடி, சூடாக்கித் தாற," என்றார் டீச்சர். "வலது கால் எக்ஸலேட்டர்ல. எடது கால் பிரேக்ல."

"லொறியில கிளச்சை மிதிச்ச கால், சும்மா இருக்காது," என்றார் நானா.

கலாராணி அவருடைய இடது காலை மட்டும் மரியாதையாகப் பார்த்தாள். அவர் இறங்கினார்.

டீச்சர் ஓட்ட, நானா புதுக் கிளாஸோடு முன்னால், கலாராணி டின்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். முதல் வளைவில் நானா கிளாஸை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். வண்டி இரண்டில் நிதானமாய் ஏறி, நிமிர்ந்த பிறகே மூன்றுக்கு நழுவியது. அடுத்த வளைவில் கிளாஸ் கொஞ்சம் கிட்டே வந்தது. மடுவத்தடியில் வண்டி நின்றபோது அது அவருடைய நெஞ்சோடு இருந்தது, விளிம்பு குறையாமல். கொழுந்துச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் கலாராணியின் அம்மா நிமிர்ந்து, யார் வண்டி என்றல்ல, யார் மகள் என்று பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பண்டாரவளையாளுக்கு என்ன சொல்ற?" என்று நானா கிளாஸிடம் கேட்டார்.

"வரச் சொல்லுங்க," என்றார் டீச்சர். "பஸ் ஸ்டேண்டுல இருந்து நானே ஏத்திட்டு வாறன்."

நானா சிரிக்காமலிருக்கப் பாடுபட்டார். பிறகு தொண்டையைச் செருமி, மாற்றுச்சாவிக்காகப் பின்பக்கம் கையை நீட்டினார். கலாராணி டின்னைத் திறந்தாள். நீட்டிய கையில் ஒரு மாரி பிஸ்கட்டை வைத்தாள். சாவியை டீச்சரின் கைப்பைக்குள் போட்டு, ஸிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.