ஹர்த்தால் நாளில் ஏற்றிய சார்ஜ்

ஆரியசாலையில் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் கடையில் பல வருஷம் வேலை பார்த்தேன். படுக்கையும் அதே கடையில்தான். ஒரு ஹர்த்தால் நாள் மதியம் இரண்டு மணிக்கு யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பாதி தூக்கிப் பார்த்தேன். அடுத்த தெரு வெல்டர் தன் மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். அந்த மாதிரி வண்டி ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது.

“அண்ணாச்சி, ராத்திரி வயரைச் சொருகினேன், சுவிட்சு போட மறந்துட்டேன். வீட்டு சார்ஜர் எட்டு மணிக்கூர் எடுக்கும். ஒம்ம மிஷின்ல வேகமா ஏத்தலாம்லா?”

மூன்றரைக்குள் அவர் விமான நிலையம் போயாக வேண்டும். பம்பாய்க்குப் போகிற ஏஜென்ட் வாசலில் நின்று, விசா அடிக்க அவர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வான். தவறினால் வளைகுடா வேலை அடுத்த ஆளுக்கு. பஸ், ஆட்டோ எதுவும் ஓடவில்லை.

முதலாளி நாகர்கோவிலில் இருந்தார். நாலு ஆம்பியருக்கு மேல் மிஷினின் குமிழைத் திருகக் கூடாது என்பது அவர் கட்டளை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியை உள்ளே எடுத்து, வயரை மாட்டி, எட்டில் வைத்தேன்.

லாரி பேட்டரி என்றால் மூடியைத் திறந்து, தண்ணீர் கொதிக்கிற விதத்தைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவேன். ஸ்கூட்டரில் இருந்த நான்கும் மூடியே இல்லாமல் அடைத்தவை. புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தெருவில் கோஷம் கேட்டது. கடை திறந்திருப்பதைக் கண்டால் கல்லெறிவார்கள் என்று ஷட்டரை இறக்கினேன். ஊர்வலம் கடக்கும் வரை இருவரும் உள்ளேயே நின்றோம்.

“பன்னெண்டுல வையும், அண்ணாச்சி.”

மூன்றாவது பேட்டரி மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. அது உப்பிவிடும் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே குமிழுக்குக் கையை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். கடைக்கு வந்த ஒருவரை நான் அப்படித் தொட்டதே இல்லை.

“காலியா இருக்கும்போது கடகடன்னு வாங்கும். ஏற ஏற அவ்வளவு வாங்காது. அப்புறம் எவ்வளவு திருகினாலும் சூடாத்தான் போகும். வெடிச்சிடும்.”

“அப்போ நிறைஞ்சாச்சா?”

“பாதிகூட இல்ல. ஏர்போர்ட்டுக்குப் பாதி வேண்டாம்.”

“வழியில நின்னா?”

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. “முறுக்காம ஒரே சீராப் போங்க” என்று மட்டும் சொல்லி வயரைக் கழற்றினேன். மணி மூன்றேகால் ஆகியிருந்தது.

“ஒம்ம பேச்சை நம்பிப் போறேன், கேட்டோ. இது போச்சுன்னா எனக்கும் இங்க ஒரு பாய் விரிச்சு வையும்.”

அவர் கிளம்பியதும் மறுபடி ஷட்டரை இறக்கினேன். நான் சொன்னது தப்பானால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று.

ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“குடுத்துட்டேன்” என்றார். “உள்ள போகத் திரும்பினவனை விளிச்சு நிறுத்திக் குடுத்தேன். வரும்போது வள்ளக்கடவுப் பாலத்துல வண்டி செத்துப் போச்சு. இன்னும் பத்து நிமிஷம் போட விட்டிருந்தீர்னா இந்தத் தள்ளு உண்டா?”

அந்தப் பத்து நிமிஷம் போட்டிருந்தால் ஏஜென்ட் உள்ளே போயிருப்பான். குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.