மினுங்காத கறுப்பு

லண்டனில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் எனிட் டாசன் இருபது வருடமாகத் தையல்காரி. திங்கட்கிழமை புருஷனை அடக்கம் செய்தாள்; செவ்வாய்க்கிழமை நீல ஸ்வெட்டரோடு வேலைக்கு வந்துவிட்டாள். அழுகை வரவில்லை. பல் பிடுங்கிய ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது.

புதுப் படத்தில் வரும் விக்டோரியா ராணி காலத்து விதவைக்குக் கவுன் தைக்க வேண்டும். தனக்குத்தான் வாய்க்கவில்லை, இந்தக் கவுனாவது முறைப்படி துக்கம் காக்கட்டும் என்று மினுமினுப்பே இல்லாத கறுப்புத் துணியில் தைத்திருந்தாள். டைரக்டர் கிளைவ் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கரிமூட்டை மாதிரி? பளபளன்னு பட்டுல போடு."

"புருஷன் செத்த முதல் வருஷம் பளபளப்பு ஆகாதுங்க சார். அந்தக் காலத்துல ஊரே காறித் துப்பும்."

"அந்தக் காலத்து ஆளு எவனாச்சும் டிக்கெட் வாங்க வரப்போறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனிட்டும் சிரித்துவைத்தாள். மறுநாள் பட்டுக் கவுன், கழுவி நிறுத்திய கார் மாதிரி மின்னியது.

எனிட் கவுனின் முதுகுக் கொக்கிகளை மாட்டும்போது, விதவையாக நடிக்கும் நடிகை கேட்டாள்: "உனக்கு எத்தனை நாள் லீவு குடுத்தாங்க, எனிட்?"

"அரை நாள், மேடம்."

"அந்தக் காலத்து விதவை எத்தனை நாள் கறுப்பு போடுவா?"

"ரெண்டு வருஷம். மூச்ச இழுங்க."

கழித்துப்போட்ட மங்கல் துணியில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, தன் ஸ்வெட்டர் கையின் உள்பக்கம், எந்தக் கேமராவுக்கும் தெரியாத இடத்தில், எனிட் தைத்துக்கொண்டாள்.