மாதாவைக் கைமாற்றும் மாலை

கீழ்க்கட்டளையில் மழை சற்று விட்டிருக்கிறது. பேருந்து வரக் காணோம். ஜெபமாலை சொல்லியபடி தெருவுக்குள் திரும்பும் சிறு கூட்டத்தின் பின்னால் நானும் நடக்கிறேன். அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டில் தங்குமாம்.

இன்று சுரூபத்தை ஏந்தி வரும் டீச்சர், தன் வீட்டுக்கு அடுத்த வீட்டு கேட் முன்னால் தயங்கி நிற்கிறார்.

"ஏன் நிக்கிறாங்க?" மெழுகுவத்தி பிடித்திருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"டீச்சர் ஸ்கூட்டிய இந்த கேட் முன்னாடி விட்டதுல சண்டை சார். ஒரு வருஷமா பேச்சே இல்ல. ஆனா மாதாவ கொண்டு வர்றவங்க ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்துல முன்பாதி சொல்லணும், வாங்குறவங்க பின்பாதி சொல்லணும். இங்க அதான் வழக்கம்."

வீட்டுக்கார அம்மா வந்து சுரூபத்தை வாங்குகிறார். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் மாதாவை வைத்ததும் டீச்சர் முன்பாதியைத் தொடங்குகிறார். அந்த அம்மா அவசர அவசரமாகப் பதில் சொல்கிறார். மணிகள் நகர நகர அவசரம் குறைகிறது. கடைசியில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார்.

ஜெபம் முடிகிறது. வெளியே மறுபடி தூறல்.

சுண்டல் கிண்ணத்தை நீட்டியபடி அந்த அம்மா சொல்கிறார்: "உங்க ஸ்கூட்டி நனையுது டீச்சர். எங்க ஷெட்டுல விடுங்க."